நொய்யல் வடிநிலம்: ஹெச்.ஆர்.யூ 5,000 தாண்டுகிறது, வரம்பு வைத்தால் குளங்கள் காணாமல் போகின்றன

சாரல்77: அவசரம் நண்பர்களே. ஸ்வாட் என்ற வடிநில நீரோட்ட மாதிரியை அமைக்கும் கியூஸ்வாட்டில் கோவை நொய்யல் ஆறு. ஹெச்.ஆர்.யூ (நிலப்பயன்பாடு, மண், சரிவு மூன்றும் ஒத்த நிலப்பிரிவு) 5,000க்கு மேல் வருகிறது, கேலிப்ரேஷன் (அளந்த நீரோட்டத்தோடு மாதிரியைப் பொருத்துவது) முடியவே இல்லை. இத்தனை விழுக்காட்டுக்குக் குறைந்த பரப்பை நீக்கு என்று வரம்பு கொடுத்தால் எண்ணிக்கை குறைகிறது, ஆனால் சூலூர், சிங்காநல்லூர் குளங்கள் அடியோடு போய்விடுகின்றன. என்ன செய்வது?

மழைமானி: வரம்பு எவ்வளவு? துணை வடிநிலம் எத்தனை? சரிவு எத்தனை வகுப்பு?

கசிவுநீர்: சரிவாகத்தான் இருக்கும். உயரத் தரவு எஸ்.ஆர்.டி.எம், 30 மீட்டர் கட்டம்தானே? அதில் உயரம் முழு மீட்டரில் இருக்கும். பக்கத்துக் கட்டம் 1 மீட்டர் ஏறி இறங்கினாலே 3 விழுக்காடு சரிவு வந்துவிடும். சமவெளியில் ஒரே தோட்டம் மூன்று வகுப்பாக உடையும்.

நிலஅளவன்: கையேட்டைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். வரம்பு மூன்றும் அடுத்தடுத்து வேலை செய்பவை: நிலப்பயன்பாடு துணை வடிநிலப் பரப்பில், மண் அந்த நிலப்பயன்பாட்டுக்குள், சரிவு அந்த மண்ணுக்குள். குளம் 4 விழுக்காடு, வரம்பு 20 என்றால் குளம் நீங்கும். அதன் பரப்பை மற்ற நிலப்பயன்பாடுகள் விகிதப்படி பங்குபோட்டுக்கொள்ளும். சரிவு விழுக்காட்டில் கொடுக்க வேண்டும், பாகையில் அல்ல. 45 பாகை என்றால் 100 விழுக்காடு.

சாரல்77: வரம்பு 20/10/20 (நிலப்பயன்பாடு/மண்/சரிவு). வரம்பில்லாமல்தான் 5,000. துணை வடிநிலம் 61. சரிவு 0–1, 1–3, 3–5, 5–10, 10க்கு மேல்.

மழைமானி: ஐந்து வகுப்பு வேண்டாம். வெள்ளியங்கிரிப் பக்கம் செங்குத்து, கிழக்கே தட்டை, மூன்று போதும். நிலப்பயன்பாட்டு விலக்குப் பட்டியலில் நீர்நிலையைச் சேருங்கள், எந்த வரம்பிலும் நிற்கும்.

கசிவுநீர்: நின்று என்ன பயன்? ஸ்வாட்டில் ஒரு ஹெச்.ஆர்.யூவின் ஓடுநீர் இன்னொன்றுக்குள் போகாது, துணை வடிநிலத்தின் நீர் வெளியேறும் கடைவாயில் கூட்டல்தான். குளத்தின் தேக்கம் வேண்டுமென்றால் குளக் கோப்பில் பி.என்.டி_எஃப்.ஆர் (துணை வடிநிலத்தில் குளத்துக்கு வடியும் பங்கு), நிறைமட்டப் பரப்பு, கொள்ளளவு கொடுக்க வேண்டும்.

மழைமானி: நொய்யல் குளங்கள் அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியே நிரம்புபவை. குளக் கோப்பு அந்தத் துணை வடிநிலத்தின் ஓடுநீரை மட்டும்தான் எடுக்கும். ஆற்றுநீரை அதில் எப்படி ஏற்றுவீர்கள்?

கசிவுநீர்: முழுதாக முடியாதுதான். அதற்காகத் தேக்கத்தையே விடுவதா? ஆவியாதலும் கசிவுமாவது கணக்கில் வரும்.

நிலஅளவன்: கேட்டது ஹெச்.ஆர்.யூ எண்ணிக்கை. குளத்துக்குத் தனி இழை தொடங்குங்கள்.

சாரல்77: சரிவு 0–3, 3–15, 15க்கு மேல். வரம்பு 5/10/10, நீர்நிலை விலக்கு. 1,140க்கு வந்துவிட்டது. குளக் கோப்பு இன்னும் தொடவில்லை. நன்றி.