தேனைச் சமையலில் எப்போது சேர்ப்பது?

புதுக்குடித்தனம்:
மார்த்தாண்டத்திலிருந்து மாமியார் ஒரு கிலோ தேன் கொடுத்துவிட்டிருக்கிறார். இரண்டு பேர் தோசைக்குத் தொட்டுத் தீர்க்கிற அளவா அது? சிக்கன் வறுக்கையில் ஊற்றினால், கறி வேகும் முன்பே மேலே கருகிக் கசக்கிறது. கேக்கில் விட்டால் நடுவில் கொழகொழவென்று நிற்கிறது. பாட்டிலின் அடியில் வேறு சீனி மாதிரி உறைந்திருக்கிறது. கலப்படமோ? மாமியாரிடம் கேட்கவும் முடியாது.

குழித்துறைக்காரி:
கேட்டுவிடாதீர்கள் தாயே! எங்கள் பக்கம் பெரும்பாலும் ரப்பர் தேன்தான். ரப்பரில் தேனீ பூவை நம்பி இருப்பதில்லை. இலை உதிர்ந்து தளிர் விடும்போது, மூன்று இலையும் காம்பில் சேருகிற இடத்தில் தேன் சுரக்கும். அது சீக்கிரம் உறையும். உறைந்ததை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது. பாட்டிலைக் கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் வையுங்கள், இளகிவிடும்.

தேன் சீனியைவிடக் குறைந்த சூட்டிலேயே கருகும். அதனால் சிக்கனை உப்பு, மிளகு, இஞ்சி பூண்டு போட்டு நீர் வற்ற வறுத்து, அடுப்பை அணைத்துவிடுங்கள். அப்புறம் இரண்டு ஸ்பூன் தேன், அரை மூடி எலுமிச்சைச் சாறு, கொரகொரப்பாகப் பொடித்த வத்தல் மிளகாய். சட்டியைக் குலுக்கினால் துண்டு துண்டாகப் பளபளவென்று பிடித்துக்கொள்ளும். வறுத்த உருளைக்கிழங்குக்கும் இதேதான்.

கேக்குக்கு ஒரு கப் சர்க்கரை என்றால் முக்கால் கப் தேன் போதும். பாலில் கால் கப் குறையுங்கள், தேனிலேயே தண்ணீர் இருக்கிறது. புளிப்பும் உண்டு, ஒரு சிட்டிகை சமையல் சோடா சேருங்கள். ஓவன் 180 டிகிரி என்றால் 165.

இனிப்பில் எனக்குப் பிடித்தது, நேந்திரம்பழத்தை நெய்யில் சிவக்க வாட்டி, இறக்கி, தேன் விடுவது. பாயசத்தில் மட்டும் வேண்டாம். கருப்பட்டி இருக்கிற வீட்டில் தேனை அதில் கொட்டுவது வீண்.

நெய்ச்சோறு:
தேனைச் சுடவைத்தால் விஷம் என்பார்களே?

குழித்துறைக்காரி:
சுடவைக்காதே என்று ஆயுர்வேதம் சொல்கிறது. நான் வாசனைக்காகவே கடைசியில் சேர்க்கிறேன், கொதித்தால் வெறும் இனிப்புதான் மிஞ்சும். நிஜமாகப் பயப்பட வேண்டியது வேறு. ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய, பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்து, வீட்டில் காய்ச்சினாலும் சாகாது.

புதுக்குடித்தனம்:
சரிங்க அக்கா. இங்கே நேந்திரம் கிடைக்காது, ரஸ்தாளி போடலாமா?

குழித்துறைக்காரி:
குழைந்துவிடும். செவ்வாழை பாருங்கள், கொஞ்சம் கெட்டியாக இருப்பதாக.