துர்கைமின் நூல்கள் பெற்ற மேற்கோள்களை எவ்வாறு கணக்கிடுவது?

வினா (ஆய்வு மாணவி)

வணக்கம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைமின் நான்கு முதன்மை நூல்கள் பிறருடைய ஆய்வுகளில் எந்த அளவுக்கு மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்பதை முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஓர் இயலாக எழுதி வருகிறேன். 1893இல் வெளிவந்த வேலைப் பகுப்பு பற்றிய நூல், 1895இல் வந்த சமூகவியல் முறையியல் விதிகள், 1897இல் வந்த ‘தற்கொலை’, 1912இல் வந்த சமய வாழ்வின் அடிப்படை வடிவங்கள் ஆகியவையே அவை. கூகுள் ஸ்காலரில் ‘தற்கொலை’யைத் தேடினால் ஒரே நூல் பல பதிவுகளாகச் சிதறிக் கிடக்கிறது. மேற்கோள் தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸில் ஆசிரியர் பெயரைக் கொண்டு வழக்கமான முறையில் தேடினால் அந்த நூலே அகப்படுவதில்லை. இவற்றுள் எந்த எண்ணை நம்பி எழுதலாம்? மேலும், எச் சுட்டெண்ணையும் (ஒருவரின் எத்தனை ஆக்கங்கள் குறைந்தது அத்தனை மேற்கோள்களையேனும் பெற்றுள்ளன என்னும் எண்) சேர்க்குமாறு என் நெறியாளர் கூறுகிறார். 1917இல் மறைந்த ஒருவருக்கு அந்த அளவுகோல் பொருந்துமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி (பல்கலைக்கழக நூலகர்)

எந்த எண்ணை நம்புவது என்று கேட்பதற்கு முன், எதை எண்ணுகிறோம் என்பதை நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். வெப் ஆஃப் சயின்ஸில் உள்ள சமூக அறிவியல் மேற்கோள் அட்டவணை 1973இல் யூஜின் கார்ஃபீல்டின் நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. அது அடிப்படையில் ஆய்விதழ்களுக்கான அட்டவணை. துர்கைமின் நூல் அதில் தனிப் பதிவாக இல்லாமல், பிறர் எழுதிய கட்டுரைகளின் துணைநூற்பட்டியலில் ஒரு வரியாக மட்டுமே இருக்கிறது. ஆகவே, மேற்கோள் காட்டப்பட்ட ஆக்கங்களைத் தேடுவதற்கென்று அத்தளத்தில் உள்ள தனிப் பகுதிக்குச் சென்று தேடுங்கள். அங்கே பிரெஞ்சு மூலத்தின் 1897ஆம் ஆண்டு, ஆங்கில மொழிபெயர்ப்பின் 1951ஆம் ஆண்டு, இராபின் பஸ்ஸின் மொழிபெயர்ப்பு வந்த 2006ஆம் ஆண்டு, இடையில் வந்த மறுபதிப்புகளின் ஆண்டுகள், சுருக்கிய தலைப்புகள், எழுத்துப்பிழையுள்ள பெயர்கள் என ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக வரும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையால்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான்; ஆனால் உங்கள் இயலின் நம்பகத்தன்மை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

பெரும்பாலோர் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். அந்த வரிகளின் எண்ணிக்கைகளை அப்படியே கூட்டிவிடக் கூடாது. ஒரே கட்டுரை பிரெஞ்சு மூலத்தையும் ஆங்கிலப் பதிப்பையும் சேர்த்துக் காட்டியிருந்தால் அது இரண்டாக எண்ணப்பட்டுவிடும். மேற்கோள் காட்டும் கட்டுரைகளின் பட்டியலை இறக்கி, ஒரு கட்டுரை ஒரு நூலுக்கு ஒருமுறை என்று எண்ணுங்கள். அதே வேளையில், எந்தப் பதிப்பு காட்டப்பட்டது என்பதையும் ஒரு தனி நெடுவரிசையில் குறித்து வையுங்கள். சமய வாழ்வு பற்றிய நூல் 1915இலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. ‘தற்கொலை’ வருவதற்கு 54 ஆண்டுகள் ஆயின. இந்த இடைவெளி மேற்கோள்களில் தென்படுகிறதா என்பதை அந்த நெடுவரிசை காட்டும். 1972இல் ஆந்தனி கிட்டன்ஸ் தொகுத்த தேர்ந்தெடுத்த எழுத்துகளைப் போன்ற தொகுப்புகளுக்கு வந்த மேற்கோள்களை எந்த நூலின் கணக்கிலும் சேர்க்காமல் தனியே வைப்பது நேர்மையானது.

கூகுள் ஸ்காலர் நூல்களையும் ஆய்வேடுகளையும் உள்ளடக்குவதால் சமூகவியலுக்கு அது தேவையே. ஆனால் அது எந்தெந்த மூலங்களைத் திரட்டுகிறது என்பதற்கு வெளிப்படையான பட்டியல் இல்லை. ஒரு தேடலுக்கு 1000 முடிவுகளுக்கு மேல் அது காட்டுவதுமில்லை. அங்கிருந்து எடுக்கும் எண்ணைத் தேடிய தேதியுடன் எழுதுங்கள். வெப் ஆஃப் சயின்ஸின் எண்ணோடு கலக்காதீர்கள்.

மறுமொழி (மேற்கோள் அளவியல் ஆய்வாளர்)

நூலகர் கூறியதனைத்தையும் ஏற்கிறேன். எச் சுட்டெண் குறித்து மட்டும் எழுதுகிறேன். இயற்பியலாளரான ஹோர்கே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அந்த அளவுகோல், தொடர்ந்து கட்டுரைகள் வெளியிடும் ஆய்வாளர்களை மனத்தில் கொண்டது. ஒருவருடைய ஆக்கங்களின் எண்ணிக்கையை அது ஒருபோதும் தாண்டாது. நீங்கள் எடுத்துக்கொண்ட நான்கு நூல்களுக்கு எத்தனை ஆயிரம் மேற்கோள்கள் இருந்தாலும் விடை 4தான். மொழிபெயர்ப்புகளைத் தனித்தனி ஆக்கங்களாக எண்ணினால் அது செயற்கையாக உயரும். அவ்வாறு கிடைக்கும் எண் துர்கைமைப் பற்றி எதையும் சொல்லாது. பதிப்பகங்களின் சுறுசுறுப்பையே சொல்லும். உங்கள் நெறியாளரிடம் இந்தக் காரணத்தைப் பணிவுடன் எடுத்துரையுங்கள்.

அதற்கு மாற்றாக விகிதத்தைக் கணக்கிடுங்கள். ஆய்விலக்கியம் ஆண்டுதோறும் பெருகுவதால், வெறும் எண்ணிக்கையை வரைந்தால் யாருடைய கோடும் மேல்நோக்கியே செல்லும். 1895இல் தொடங்கிய அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சோஷியாலஜி, 1936இல் தொடங்கிய அமெரிக்கன் சோஷியலாஜிக்கல் ரிவ்யூ போன்ற இதழ்களை நிலையாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் அவற்றில் வந்த கட்டுரைகளில் எத்தனை விழுக்காடு துர்கைமைக் காட்டுகின்றன என்று பாருங்கள். இது அமெரிக்கச் சமூகவியலின் படம் மட்டுமே. பிரெஞ்சு இதழ்களுக்கு வேறொரு கோடு வரைய வேண்டும்.

வினவியவர்

இருவருக்கும் நன்றி. பதிப்புகளை ஒன்றிணைக்கும் வேலையை இந்த வாரமே தொடங்குகிறேன். இன்னோர் ஐயம் இருக்கிறது. சமூக நெறிகள் தளர்ந்துபோகும் நிலையைக் குறிக்கும் நெறியின்மை (அனோமி) என்னும் கருத்தைத் துர்கைமின் பெயரையே சொல்லாமல் பயன்படுத்தும் கட்டுரைகளை என்ன செய்வது?

மறுமொழி (சமூகவியல் ஆசிரியர்)

மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ஒரு கருத்து துறையின் பொதுச்சொத்தாகக் கரைந்தபின் அதன் மூலத்தை எவரும் சுட்டாமல் போவதை அமெரிக்கச் சமூகவியலாளர் இராபர்ட் மெர்டன் எடுத்துக்காட்டியிருக்கிறார். நெறியின்மைக்கு நேர்ந்ததில் அவருக்கே ஒரு பங்கு உண்டு. 1938இல் அவர் எழுதிய கட்டுரை அக்கருத்தைக் குற்றவியலுக்குக் கொண்டுசென்றதால், இன்று பலர் மெர்டனை மட்டுமே சுட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஜேஸ்டோர் போன்ற முழுவுரைத் தொகுப்பில் அச்சொல்லைத் தேடி, அது வரும் கட்டுரைகளில் எத்தனை துர்கைமைச் சுட்டுகின்றன, எத்தனை மெர்டனை மட்டும் சுட்டுகின்றன, எத்தனை இருவரையுமே சுட்டவில்லை என்று பிரித்தால் அந்தக் கரைதலின் அளவு ஓரளவு புலப்படும்.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். மோராவ்சிக்கும் முருகேசனும் 1975இல் இயற்பியல் கட்டுரைகளை ஆராய்ந்து, மேற்கோள்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஒப்புக்குச் செய்யப்பட்டவை என்றும், ஏறத்தாழ ஏழில் ஒன்று மறுப்புக்காகச் செய்யப்பட்டவை என்றும் கண்டார்கள். அந்த விழுக்காடுகளைச் சமூகவியலுக்கு அப்படியே பொருத்த முடியாது. அந்த முறையைக் கையாளலாம். தற்கொலை பற்றிய அரசுப் புள்ளிவிவரங்களைத் துர்கைம் நம்பியதை ஜாக் டக்ளஸ் 1967இல் ஒரு நூல் முழுவதும் கண்டித்தார். மேற்கோள் கணக்கில் அந்தக் கண்டனமும் பாராட்டைப் போலவே ஒன்றாகத்தான் எண்ணப்படும். ஆகவே, உங்கள் பட்டியலிலிருந்து ஓர் இருநூறு கட்டுரைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, துர்கைமின் பெயர் வரும் பத்திகளை மட்டுமாவது படித்து, அவர் கருத்து அங்கே பயன்படுகிறதா, மறுக்கப்படுகிறதா, முன்னுரையில் ஒரு பெயராக மட்டும் நிற்கிறதா என்று வகைப்படுத்துங்கள். அதே கட்டுரைகளை இன்னொருவரும் தனியாக வகைப்படுத்தட்டும். உங்கள் இருவருக்கும் எங்கே கருத்து வேறுபட்டது என்பதையும் அந்த இயலில் எழுதுங்கள்.