புதுப்பிப்பு: மணி பிளாண்டின் இலை நுனி கருகலும் உரமும்

வீட்டுக்குள் தொட்டி மண்ணில் வளரும் மணி பிளாண்டுக்குத் தவறாமல் திரவ உரம் கொடுத்தும் இலை நுனிகள் பழுப்பாகிக் கருகுவதையும், மண்ணின் மேல் வெண்மையான படிவு தோன்றுவதையும் குறிப்பிட்டு, உரத்தின் அளவைக் கூட்டலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கூட்டவில்லை, பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் சொன்னபடி முதலில் மண்ணைக் கழுவினேன்.

அந்தப் படிவு, வேர் எடுத்துக்கொள்ளாமல் எஞ்சிய உர உப்பும் கடின நீரிலுள்ள சுண்ணாம்பும் சேர்ந்தது. நீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் மண்ணில் தங்கி, அதன் செறிவு கூடக் கூட, மண் ஈரமாக இருந்தும் வேரால் நீரை உறிஞ்ச முடியாமல் போவதால் நுனி கருகுகிறது. படிவை மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல் 2 அல்லது 3 மடங்கு நீரை நிதானமாக ஊற்றி, வடிந்ததைத் தட்டில் தேங்கவிடாமல் கொட்டினேன். முதலில் இளம்பழுப்பாக வடிந்த நீர் போகப் போகத் தெளிந்தது.

கருகிய நுனிகள் மீளவில்லை, மீளவும் மாட்டா. ஆனால் அதன்பின் விரிந்த இலைகள் நுனிவரை பச்சையாகவே இருக்கின்றன. இப்போது புட்டியில் குறிப்பிட்ட அளவில் பாதியை, அதுவும் தளிர் விடும் பருவத்தில் மட்டும், மண் ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது கொடுக்கிறேன். சன்னல் வெளிச்சம் குறையும் மாதங்களில் வளர்ச்சியும் குறைவதால் உரத்தை நிறுத்திவிடலாம் என்பதே என் கருத்து.

இரும்புச்சத்துக் குறைவோ என்று ஐயப்பட்டவருக்கு: அப்படியானால் இளந்தளிரில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும், நைட்ரஜன் குறைந்தால் அடியிலைகளே முதலில் வெளிறும். இந்தச் செடியில் இரண்டும் இல்லை.