93 வயதில் மறைந்த ஆசிரியைக்கு நினைவு மலர்: எப்படி எழுதுவது?

கேள்வி (பேத்தி, ஈசூன்)

அனைவருக்கும் வணக்கம். என் பாட்டி சென்ற வாரம் தமது 93ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்திற்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க 24 பக்கத்தில் ஒரு நினைவு மலர் அச்சிட வேண்டும் என்று குடும்பத்தார் விரும்புகிறார்கள். எழுதித் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

அவர் 1931இல் சிங்கப்பூரில் பிறந்தவர். ஜப்பானியர் ஆட்சியில் படிப்பு நின்றுபோனபோது, அவருடைய தகப்பனார் வீட்டிலேயே தேவாரமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். போருக்குப் பின் படிப்பை முடித்து, செம்பவாங் பக்கத்திலிருந்த ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். மாணவர்கள் குறைந்து அந்தப் பள்ளி மூடப்பட்ட பிறகு, அரசாங்கத் தொடக்கப்பள்ளி ஒன்றில் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பித்து ஓய்வு பெற்றார். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் திருமுறை சொல்லிக் கொடுத்தார். நடக்க முடியாமற்போன கடைசி ஆண்டுகளில் அந்த வகுப்பு எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது.

உறவினர்கள் தரும் செய்திகள் முழுவதும் கோயிலைப் பற்றியவை: குடமுழுக்குகள், விரதங்கள், அவர் பாடிய பதிகங்கள். பழைய மாணவர்கள் அனுப்புபவற்றிலோ வகுப்பறை மட்டுமே இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டு வெவ்வேறு பெண்களைப் பற்றிப் படிப்பதுபோல் தோன்றுகிறது. நான் அறிந்த பாட்டி ஒருவர்தாம். அவரை அப்படியே எழுதுவதற்கு வழி என்ன? 1950களையும் 60களையும் பற்றி வீட்டில் தாள்கள் அதிகம் இல்லை, எங்கே தேடலாம்?

பதில் 1 (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அங் மோ கியோ)

உங்கள் பாட்டியாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல், அம்மா.

"ஆசிரியப் பணி", "ஆன்மிகப் பணி" என்று தலைப்பிட்டுப் பிரிக்காதீர்கள். பெரும்பாலான நினைவு மலர்கள் அப்படிப் பிரிப்பதால்தான் யாருக்கும் பொருந்தக்கூடிய புகழுரையாகிவிடுகின்றன. ஆண்டு வரிசையில் எழுதுங்கள். அவர் காலையில் கோயிலுக்குப் போய்விட்டுப் பள்ளிக்கு வந்தவராக இருந்தால், அந்த இரண்டும் ஒரே பத்தியில் வரட்டும்.

அவர் பணியாற்றிய காலத்தின் பெரிய மாற்றத்தையும் இளையவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியை என்றால் தமிழ்ப் பாடத்தோடு நின்றவர் அல்லர். கணக்கு, சுகாதாரம், வரலாறு என எல்லாவற்றையும் தமிழிலேயே நடத்தியவர். 1956ஆம் ஆண்டின் அனைத்துக் கட்சிக் குழு அறிக்கை நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆயினும் வேலைவாய்ப்பு ஆங்கிலம் படித்தவர்களுக்கே கிடைத்ததால், பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழ்ப்பள்ளிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, 1982இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் மூடப்பட்டதோடு தமிழ்வழிக் கல்வி இங்கு முடிவுக்கு வந்தது. ஒரு நாளின் எல்லாப் பாடங்களையும் தமிழில் நடத்திய ஒருவர், பிறகு அந்த மொழியை ஒரு பாடவேளைக்குள் அடக்கிக்கொண்டு, மனம் கசக்காமல் இன்னும் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறார் என்றால், அது எளிய செயல் அன்று. அந்தத் தலைமுறை ஆசிரியர்களோடு பணியாற்றியவன் என்பதால் சொல்கிறேன்: மலரில் அதிக இடம் பெற வேண்டியது இதுதான். மூடப்பட்ட பள்ளியிலிருந்து புதிய பள்ளிக்குப் போன நாள்களைப் பற்றி யாரிடமாவது பேசியிருப்பார். வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள்.

தேடுவதற்கு: தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்களைப் பார்க்கலாம். பள்ளியின் பெயரையும் கோயிலின் பெயரையும் வைத்துத் தேடுங்கள். 1952இல் தொடங்கிய தமிழர் திருநாளையொட்டி மாணவர் போட்டிகள் நடந்தன. அந்தச் செய்திகளில் பள்ளிகளின் பெயர்கள் வருவதுண்டு. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் அக்காலத் தமிழாசிரியர்கள் பேசியவையும் உள்ளன. அவற்றைக் கேட்டால் பள்ளிச் சூழல் விளங்கும்.

பதில் 2 (பழைய மாணவர், உட்லண்ட்ஸ்)

தனிச்செய்தியில் பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். நான் டீச்சரிடம் படித்தவன். என் தகப்பனார் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர்.

டீச்சர் நெற்றியில் திருநீறு இல்லாமல் வகுப்புக்கு வந்து நான் பார்த்ததில்லை. எங்களில் எவரையும் அவர் திருநீறு பூசச் சொன்னதும் இல்லை. நோன்பு மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகள் பிற்பகலில் சோர்ந்துவிடுவோம் என்று, உரக்க வாசிக்க வேண்டிய பாடத்தைக் காலையிலேயே முடித்துவிடுவார். சீறாப்புராணச் செய்யுள்களைச் சொல்லித் தரும்போதும், தேவாரத்துக்குக் காட்டும் அதே கவனத்தோடு பதம் பிரித்து, ராகத்தோடு சொல்ல வைப்பார்.

தொடக்கப்பள்ளி முடிந்ததும் என்னை வேலைக்கு அனுப்ப வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். டீச்சர் ஒரு மாலையில் எங்கள் குடியிருப்புக்கு வந்து, தஞ்சோங் பகாரில் உமறுப் புலவர் பள்ளி இருக்கிறது, 1960 முதல் அங்கே உயர்நிலை வகுப்புகள் நடக்கின்றன, பையனைச் சேருங்கள் என்று அத்தாவிடம் வாதாடினார். அவ்வளவு தூரம் பேருந்தில் போய்வரக் காசு வேண்டுமே என்று அத்தா தயங்கினார். முதல் ஆண்டு பேருந்துக் கட்டணத்தைக் கொடுத்தவர் டீச்சர்தான். இதை அவர் உங்களிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

என்னைக் கேட்டால், அவருடைய பக்தியை எழுதுவதற்குத் தனிப் பக்கம் தேவையில்லை. எங்களுக்குச் செய்ததை எழுதினால் போதும்.

பதில் 3 (திருமுறை வகுப்பு நடத்துபவர், லிட்டில் இந்தியா)

மேலே எழுதிய ஐயா சொன்னதைப் படித்து மனம் நெகிழ்ந்தேன். ஆனால் அவருடைய கடைசிக் கருத்தில் எனக்கு மாறுபாடு உண்டு. தினமும் வழிபட்ட ஒருவருக்கு வழிபாடே முதன்மை. மற்றவர்களுக்கு அவர் செய்த நன்மை அதிலிருந்து விளைந்தது. நன்மையை மட்டும் எழுதிவிட்டு வழிபாட்டை விட்டுவிட்டால், அவர் தமக்கென வைத்துக்கொண்ட வாழ்வையே விட்டுவிட்டதாகும்.

இத்தகைய மலர்களின் அட்டையில் அப்பர் சுவாமிகளின் "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்ற அடியை மட்டும் அச்சிடுவது வழக்கம். ஐந்தாம் திருமுறையில் அதற்கு முன்னால் "தன் கடன் அடியேனையும் தாங்குதல்" என்று இருக்கிறது. தாங்குகிறவன் ஒருவன் இருக்கிறான் என்ற உறுதியில் நின்றுதான் அப்பர் பணியைத் தம் கடன் என்கிறார். அச்சிடுவதானால் இரண்டு அடிகளையும் சேர்த்தே அச்சிடுங்கள். உங்கள் பாட்டி எந்தப் பதிகத்தை அதிகமாகப் பாடினார், எந்த வேளையில் பாடினார், துன்பம் வந்தபோது எதைப் பாடினார் என்பவற்றைத் தனியே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒலிநாடாவில் அவர் குரல் இருந்தால், அதைக் கணினிக்கு மாற்றி, மலரில் கியூஆர் குறியீடாகச் சேர்க்கலாம்.

மற்றொன்று. மறைந்த தேதியோடு தமிழ் மாதம், பட்சம், திதி மூன்றையும் குறிப்பிடுங்கள். ஆண்டுத் திதி கொடுக்கும்போது பேரப்பிள்ளைகளுக்கு அதுவே ஆதாரம். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதானால், சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதைக் கழித்துப் பாருங்கள். கவனிக்காமல் விட்டால் திதி மாறிவிடக்கூடும்.

பேத்தி, ஈசூன்

மூவருக்கும் நன்றி. ஆண்டு வரிசையிலேயே எழுதப்போகிறேன். அப்பரின் இரண்டு அடிகளும் அட்டையில் வரும். பாட்டியின் பாட்டுக்குத் தனிப் பக்கம் உண்டு. அவர் சிவபுராணம் பாடிய ஒலிநாடா ஒன்றை மாமா எடுத்து வைத்திருக்கிறார். பேருந்துக் கட்டணச் செய்தி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். உட்லண்ட்ஸ் ஐயா, அதை உங்கள் பெயரிலேயே ஒரு பக்கமாக எழுதித் தர வேண்டும் என்று குடும்பத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். அச்சகத்தார் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்கள். புதன்கிழமை கிடைத்தால் எழுத்துப் பிழை பார்க்க நேரம் இருக்கும்.