ஓபன்எஸ்எஸ்எல் கிடைக்கலைன்னா பில்டு நிக்கணுமா, ஓடணுமா?

குடமுருட்டி:
நம்ம பம்ப்செட் கன்ட்ரோலர் நிரலோட சிமேக் கோப்புல (சோர்ஸ்ல இருந்து நிரலை எப்படி பில்டு பண்ணணும்னு சொல்ற கோப்பு) ஒரு மாற்றம் போட்டிருக்கேன். சேர்க்கறதுக்கு முன்னாடி எல்லாரும் பாத்து கருத்து சொல்லிடுங்க.

இப்ப நடக்கறது இதுதான். பில்டுக்கு முன்னாடி கான்ஃபிகர் பண்ணும்போது, இணையத்துல போற தகவலை மறையாக்கம் பண்ற ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தைத் தேடுது. கிடைச்சா டிஎல்எஸ் (அந்த மறையாக்கம்) சேர்ந்து பில்டு ஆகுது. கிடைக்கலைன்னா "நாட் ஃபவுண்ட்"னு ஒரு வரி, மளமளன்னு ஓடற அவுட்புட்டுக்கு நடுவுல வந்து போயிடுது; டிஎல்எஸ் இல்லாமலே பில்டும் முடிஞ்சிடுது. அந்த நிரல் மோட்டார் கொட்டகையில இருக்கற ராஸ்பெரி பைங்கற குட்டிக் கணினி போர்டுல ஏறி, டிஎல்எஸ்ஸுக்கான 8883 போர்ட்டுக்குப் பதிலா டிஎல்எஸ் இல்லாத 1883-ல எம்கியூடிடி (கருவிகள் செய்தி அனுப்பிக்கற முறை) பேசுது. பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் பச்சையா வெளியே போகுது. வேலை ஒழுங்கா நடக்கறதால யாரும் கவனிக்கறதில்லை.

என் மாற்றம்: கிடைக்கலைன்னா கான்ஃபிகர் அங்கேயே நிக்கும். டிஎல்எஸ் வேண்டாம்னா, வேண்டாம்னு நீங்களே ஆப்ஷன்ல எழுதிக் கொடுக்கணும்.

மன்னை மைந்தன்:
நோக்கத்துல தப்பு சொல்லல தம்பி. ஆனா நீங்க கும்பகோணத்துல ஃபைபர் கனெக்‌ஷன்ல உக்காந்து எழுதுறீங்க. நான் நீடாமங்கலம் பக்கம் வயக்காட்டுல நின்னு போர்டு மாட்டுறவன். வரப்பு மேல ஏறி நின்னாதான் ஹாட்ஸ்பாட்டே வரும். ஜூன் 12 மேட்டூர் திறக்குறதுக்கு முன்னாடியே போர் தண்ணிய நம்பி நாத்தாங்கால் விட்டவங்க, மும்முனை கரண்டு எப்ப வரும்னு ராத்திரி கொட்டகையிலயே படுத்துக் கிடக்குறாங்க. "கரண்டு வந்துருச்சு, மோட்டார் ஓடுது"ன்னு ஒரு மெசேஜ் வந்தா வீட்ல தூங்குவாங்க. அந்த நேரம் பாத்து உங்க பில்டு நின்னா நான் என்ன பதில் சொல்றது? மோட்டார் ஓடுதாங்குறது என்ன ராணுவ ரகசியமா?

குடமுருட்டி:
செய்தி ரகசியம் இல்லண்ணே, கட்டளை? மோட்டாரை ஆன் பண்ற கட்டளையும் அதே கனெக்‌ஷன்லதானே வருது. பாஸ்வேர்டைப் பிடிச்சவன், நீர்மட்டம் இறங்கின நேரத்துல மோட்டாரைச் சும்மா ஓட விட்டா காயில் போயிடும். ரீவைண்டிங் காசை யார் கொடுக்கறது?

ரூட்யூசர்:
இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். தேடல் "கிடைக்கவில்லை" என்று சொன்னால் அந்த இயந்திரத்தில் ஓபன்எஸ்எஸ்எல் இல்லை என்று பொருள் அல்ல. டெபியன் லினக்ஸில் அது தனித்தனிப் பேக்கேஜாகப் பிரிந்து கிடக்கிறது. டெர்மினலில் தட்டுகிற ஓபன்எஸ்எஸ்எல் கட்டளை ஒன்றில். நிரல் ஓடும்போது தேவைப்படும் நூலகம், டெபியன் 12-இல், லிப்எஸ்எஸ்எல்3-இல். கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள் லிப்எஸ்எஸ்எல்-டெவ்வில். சிமேக் கேட்பது ஹெடரையும், லிங்க் செய்யத் தேவையான நூலகக் கோப்பையும். டெவ் பேக்கேஜ் போடாத போர்டில், கட்டளை ஜோராக வெர்ஷன் காட்டும். தேடல் மட்டும் தோற்கும்.

மன்னை மைந்தன்:
அப்ப ரேஷன் கடையில மூட்டை மூட்டையா அரிசி இருக்கு, கைரேகை ஏறலன்னு திருப்பி அனுப்புற கதைதான் இது. தேடுறதே அரைகுறையா இருக்கும்போது, அதை நம்பி வேலையையே நிறுத்துறது எந்த ஊரு நியாயம்? இன்னொரு இடத்துல அரைகுறையா ஏமாந்து எல்லார் பில்டும் நின்னா?

ரூட்யூசர்:
அப்படி ஒரு தடவை பரவலாகவே நடந்திருக்கிறது; அதை வைத்தே சொல்கிறேன். ஆட்டோகான்ஃப் (சிமேக் போன்ற பழைய கருவி) பயன்படுத்திய பல நிரல்கள் எஸ்எஸ்எல்_லைப்ரரி_இனிட் என்ற ஃபங்ஷன் நூலகத்தில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஓபன்எஸ்எஸ்எல் உண்டா இல்லையா என்று முடிவு செய்துகொண்டிருந்தன. 2016 ஆகஸ்டில் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.0 வந்தது. அதில் அந்தப் பெயர் வெறும் மேக்ரோ, அதாவது ஹெடரில் மட்டும் இருக்கும் மாற்றுப்பெயர். உண்மையில் அழைக்கப்படுவது ஓபன்எஸ்எஸ்எல்_இனிட்_எஸ்எஸ்எல். ஆட்டோகான்ஃபின் அந்தச் சோதனை ஹெடரைத் திறந்தே பார்க்காது. ஒரு குட்டி நிரலை எழுதி, அந்தப் பெயரோடு லிங்க் ஆகிறதா என்று மட்டும் பார்க்கும். ஆகவில்லை. புதிய, பாதுகாப்பான நூலகம் கண் முன்னால் இருக்க, "இல்லை" என்று பதில் வந்தது.

இப்போது யோசியுங்கள். நிற்கிற கான்ஃபிகர் வைத்திருந்தவர்கள் அன்றே எரிச்சலோடு புகார் எழுதி, சோதனையைத் திருத்த வைத்தார்கள். "கிடைத்தால் சேர், கிடைக்காவிட்டால் விடு" என்று வைத்திருந்தால், இயங்குதளத்தைப் புதுப்பித்த ஒரே குற்றத்துக்காக டிஎல்எஸ்ஸை இழந்திருப்பார்கள். அதுவும் தெரியாமல். சோதனை தவறலாம் என்பதே நிறுத்துவதற்கான காரணம், மைந்தன் சார்.

டிகிரி காபி:
பெயரைத் தேடற வேலையே வேண்டாமே. பிகேஜி-கான்ஃபிக்னு நூலக விவரம் சொல்ற கருவியைக் கேட்டா இருக்கா, எந்த வெர்ஷன், லிங்க் பண்ண என்ன ஃபிளாக் எல்லாம் அதுவே சொல்லிடும். ஸ்டாட்டிக்னு (நூலகத்தை நிரலுக்குள்ளயே சேர்க்கறது) சொன்னா கூடுதலா வேண்டியதையும் சேர்த்துக் கொடுக்கும். சிமேக்கோட ஊகம் எதுக்கு?

ரூட்யூசர்:
யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் சிமேக்கின் ஓபன்எஸ்எஸ்எல் மாட்யூலே முதலில் பிகேஜி-கான்ஃபிக்கிடம்தான் குறிப்பு கேட்கிறது. மேலும், இன்டெல் லேப்டாப்பில் உட்கார்ந்து ஆர்ம் போர்டுக்கு கிராஸ் கம்பைல் செய்தால், பிகேஜி-கான்ஃபிக் லேப்டாப்பில் இருக்கிற நூலகத்தின் பாதையைக் கொடுத்துவிடும். தேடும் இடத்தையும் சிஸ்ரூட்டையும் (நூலகங்களுக்கான அடிப்படை ஃபோல்டர்) போர்டுக்கு உரியதாக மாற்றிக் கொடுக்காதவரை அதன் பதில் வேறொரு இயந்திரத்தைப் பற்றியது.

வெர்ஷன் எண்ணையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். ஹார்ட்பிளீடு என்ற பாதுகாப்பு ஓட்டைக்குப் பிறகு 2014-இல் ஓபன்எஸ்எஸ்எல்லிலிருந்து பிரிந்துபோன லிப்ரெஎஸ்எஸ்எல், தன் ஹெடரில் ஓபன்எஸ்எஸ்எல் வெர்ஷனை 2.0.0 என்றே போட்டுக்கொள்கிறது. "1.1-க்கு மேலா?" என்று கேட்டால் ஆமாம் என்று தலையாட்டும், 1.1-இல் வந்த ஃபங்ஷன்கள் எல்லாம் அதில் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

குடமுருட்டி:
இன்னொண்ணு. இணையத்துல தகவல் எடுக்கற கர்ல் கருவியோட திட்டமே 2021-ல 7.77.0 பதிப்புல இதைத்தான் செஞ்சாங்க. அதுவரைக்கும் கான்ஃபிகர் தானாவே ஓபன்எஸ்எஸ்எல்லைத் தேடிக்கும். அதுக்கப்புறம் எந்த டிஎல்எஸ் நூலகம்னு நீங்க சொல்லணும், இல்லை எதுவும் வேண்டாம்னு சொல்லணும். ரெண்டும் சொல்லலைன்னா நிக்கும்.

மன்னை மைந்தன்:
கர்லை பில்டு பண்றவங்க டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) ஆளுங்க, தம்பி. அவங்களுக்கு எர்ரர் வந்தா படிப்பாங்க. நம்மகிட்ட ரெண்டு பாலிடெக்னிக் பசங்க, ஒரு பைக். எர்ரரைப் பாத்ததும் எப்படியும் பில்டு ஆனா போதும்னு "டிஎல்எஸ் வேண்டாம்" ஆப்ஷனைப் போட்டுட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவானுங்க. அதையே ஸ்கிரிப்ட்லயும் எழுதி வச்சுக்குவானுங்க. இப்பவாவது டெவ் பேக்கேஜ் இருக்குற போர்டுல டிஎல்எஸ் தானா சேருது. உங்க மாத்தம் வந்தா அதுவும் போச்சு.

டிகிரி காபி:
அண்ணன் சொல்றது நியாயம்தான். இந்த இடத்துல எனக்கே சந்தேகம் வருது. வயல்ல நின்னு பில்டு பண்றதை நிறுத்திட்டு, இங்கேயே டெபியன்ல நேரா இன்ஸ்டால் ஆகற டெப் பேக்கேஜாப் பண்ணி பென்டிரைவ்ல கொடுத்தா என்ன?

மன்னை மைந்தன்:
குடுங்கம்மா, வேண்டாம்னா சொல்லப்போறேன்? ஆனா ஓபன்எஸ்எஸ்எல்லை ஸ்டாட்டிக்கா உள்ள வச்சுத் தச்சுக் குடுத்துடாதீங்க. நாளைக்கு அதுல ஓட்டை வந்தா, போர்டுல ஆப்ட் அப்கிரேட் போட்டாலும் நம்ம நிரலுக்குள்ள இருக்குறது பழசாவே கெடக்கும். அப்புறம் ஒவ்வொரு கொட்டகையா நான்தான் ஏறி எறங்கணும்.

குடமுருட்டி:
டைனமிக்காவே (ஓடும்போது சிஸ்டத்துல இருக்கற நூலகத்தை எடுத்துக்கற மாதிரி) லிங்க் பண்ணலாம்ண்ணே, பேக்கேஜ் லிப்எஸ்எஸ்எல்3-ஐச் சார்ந்து இருக்கட்டும். ஆனா பேக்கேஜ் பண்ற இடத்துலயும் இதே சிமேக் கோப்புதானே ஓடும்? அங்க சத்தமில்லாம டிஎல்எஸ் விட்டுப்போனா ஒரே நாள்ல எல்லாக் கொட்டகைக்கும் போயிடும். அதனால மாற்றத்தை நான் விடறதா இல்லை.

மன்னை மைந்தன்:
சரி, என் கணக்கைச் சொல்றேன். டிஎல்எஸ் இல்லாம பில்டு ஆன நிரல் நிலவரம் மட்டும் அனுப்பட்டும். மோட்டாரை ஆன் பண்ற கட்டளைய ஏத்துக்கவே கூடாது. பயல் ஆப்ஷனைப் போட்டு ஏமாத்தினா, விவசாயி அன்னைக்கே ஃபோன் பண்ணி "மோட்டார் ஏன் ஓடல"ன்னு கேப்பாரு. பைய தானா திரும்பி வருவான். அப்புறம், எந்த பேக்கேஜ் போடணும்னு எர்ரர்லயே தமிழ்ல எழுதுங்க. இது ரெண்டும் முதல்ல வரட்டும். வந்தா உங்க மாத்தத்துக்கு நான் குறுக்க நிக்கல.

குடமுருட்டி:
தமிழ் எர்ரர் இன்னைக்கே சேர்த்துடறேன். கட்டளையைத் தடுக்கறது தனி மாற்றம், சோதிக்க நாள் ஆகும். அதுக்காக இதை நிறுத்தி வைக்க முடியாதுண்ணே.

மன்னை மைந்தன்:
அப்ப என் ஓட்டு இப்போதைக்கு எதிர்ப்புன்னே இருக்கட்டும்.

வடவாறு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு உபுண்டு லேப்டாப்ல ஓபன்எஸ்எஸ்எல் 3-ஐ சோர்ஸ்ல இருந்து பில்டு பண்ணி யூஎஸ்ஆர் லோக்கல்ல போட்டேன். ரூட் டைரக்டரி கொடுத்தும் சிமேக் பழைய நூலகத்தையே பிடிக்குது. குடமுருட்டி அண்ணனோட மாற்றத்தாலயா?

டிகிரி காபி:
இல்லப்பா, அது இன்னும் சேரவே இல்லை. முன்னாடி கண்டுபிடிச்ச பாதை சிமேக் கேஷ்ல அப்படியே உக்காந்திருக்கும். கேஷ் கோப்பை அழிச்சிட்டு திரும்ப கான்ஃபிகர் பண்ணு. 64 பிட் இன்டெல்ல ஓபன்எஸ்எஸ்எல் 3 லிப்64 ஃபோல்டர்லதான் போய் உக்காரும், லிப் உள்ள தேடாதே. இன்ஸ்டால் பண்ணின பிறகு எல்டிடி போட்டு எந்த லிப்எஸ்எஸ்எல் ஏறுதுன்னு பாரு. பில்டு பண்ணும்போது இருந்த ஆர்பாத்தை (நூலகத்தை எங்க தேடணும்னு நிரல்லயே எழுதியிருக்கற பாதை) சிமேக் இன்ஸ்டால்ல எடுத்துடும். பில்டு ஃபோல்டர்ல புதுசோட ஓடின நிரல், இன்ஸ்டால் ஆனதும் சிஸ்டத்துல இருக்கறதைப் பிடிச்சுக்கும்.

வடவாறு:
கேஷை அழிச்சதும் சரியாயிடுச்சு அக்கா. எல்டிடி மட்டும் நீங்க சொன்ன மாதிரியே சிஸ்டத்தோடதைக் காட்டுது. இன்ஸ்டால் ஆர்பாத் எங்க எழுதணும்?