புதுப்பிப்பு: கோயில் நேரலையில் தவில் ஒலி அறுந்த பிரச்சினை தீர்ந்தது

குடவாசல் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் உற்சவத்தை 4ஜி மோடம் வழியாக நேரலையில் விடுகிறோம், கூட்டம் சேரச் சேர ஒலி அறுந்து போகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். நேரலையைச் சர்வருக்கு அனுப்பும் முறையில் ஆர்டிஎம்பியை (RTMP) விட்டு எஸ்ஆர்டிக்கு (SRT) மாறச் சொன்னவர்களுக்கு நன்றி. மாறிவிட்டோம். தவில்காரர் தனியாக வாசிக்கும் தனியாவர்த்தனத்தில், விரலில் மாட்டும் விரல்கூடு தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் ஒவ்வொரு அடியும் இப்போது தெளிவாகக் கேட்கிறது.

காரணம் இதுதான். ஆர்டிஎம்பி ஓடுவது டிசிபி (TCP) மேல், அதாவது தரவை வரிசை தவறாமல் கொண்டு சேர்க்கும் இணைய முறை மேல். வழியில் ஒரு பாக்கெட் (சிறு தரவுத் துண்டு) தொலைந்தால், அது திரும்ப வரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்திருக்கும். கோயில் வாசலில் எல்லோரும் செல்போனை எடுத்தால் டவர் திணறும், பாக்கெட் தொலையும், தேக்கம் கூடிக்கொண்டே போகும். எஸ்ஆர்டி யுடிபி (UDP) மேல், அதாவது வரிசைக்காகக் காத்திருக்காத முறை மேல் ஓடுகிறது. தொலைந்ததை மட்டும் திரும்பக் கேட்கும். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் விட்டுவிட்டு மேலே போகும். அந்த நேரம் இயல்பாக 120 மில்லிசெகண்ட். எங்கள் சிக்னலுக்கு அது போதாது, 2000 வைத்தோம்.

துபாயில் இருக்கும் அத்தைக்கு மட்டும் ஒரு குறை: தீபாராதனை இன்னமும் இருபது செகண்ட் தாமதமாகத்தான் தெரிகிறது. அது எச்எல்எஸ்ஸால் (HLS), அதாவது சர்வரிலிருந்து பார்ப்பவருக்கு வீடியோ போகும் முறையால். ஆறு செகண்ட் துண்டுகளாக வெட்டி, மூன்று துண்டு சேர்த்து வைத்துக்கொண்டுதான் பிளேயர் ஓட்டும். உடனுக்குடன் அனுப்பும் வெப்ஆர்டிசி (WebRTC) முறை என்றால் ஒரு செகண்டுக்குள் வந்துவிடும், ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் பார்க்கும்போது சர்வர் செலவு தாங்காது. கச்சேரிக்குத் தாமதம் பரவாயில்லை, தாளம் அறுந்தால்தான் தாங்காது. அதனால் எச்எல்எஸ்ஸே இருக்கட்டும்.