புதுப்பிப்பு: மெயின்டனன்ஸ் மோடில் சிக்கிய சர்வர், காரணம் தெரிந்துவிட்டது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் விஎம்வேரின் 3 இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்கள், அவற்றை நிர்வகிக்கும் விசென்டர் மென்பொருள் ஒன்று. எதை முதலில் அப்டேட் செய்வது? ஒரு சர்வர் ஏன் மெயின்டனன்ஸ் மோடுக்கு (விஎம்களை வேறு சர்வருக்கு நகர்த்திவிட்டு, அப்டேட்டுக்காகக் காலியாக நிற்கும் நிலை) போகாமல் 2 சதவீதத்திலேயே நிற்கிறது?

முதல் கேள்விக்கு நீங்கள் சொன்னதுதான் சரி. விசென்டர் முதலில், சர்வர்கள் அப்புறம். பழைய விசென்டரால் தன்னைவிடப் புதிய பதிப்பில் ஓடும் சர்வரை நிர்வகிக்க முடியாமல் போகலாம். விசென்டரின் நிர்வாகப் பக்கத்தில் (5480 போர்ட்) பேக்கப் எடுத்தேன், பிறகு ஸ்னாப்ஷாட் (ஏதாவது கெட்டால் திரும்பிப் போக, அந்த நேர நிலையின் பதிவு). விசென்டரும் ஒரு விஎம்தான், அது எந்த சர்வரில் ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதியும் வைத்தேன். விசென்டர் எழாமல் போனால் அந்த சர்வருக்குள் நேரடியாகத்தானே நுழைய வேண்டும்!

இரண்டாவது கேள்விக்கான பதில் கொஞ்சம் வெட்கக்கேடு. நான் நெட்வொர்க்கைச் சந்தேகித்து ஒரு மாலை முழுக்க வீணடித்தேன். கடைசியில் பார்த்தால், ஒரு விஎம்மின் சிடி டிரைவில், அந்த சர்வரின் உள் டிஸ்க்கில் கிடந்த ஐஎஸ்ஓ ஃபைல் (இன்ஸ்டால் சிடியின் நகல்) இணைந்தே இருந்தது. மற்ற சர்வர்களுக்கு அந்த டிஸ்க் தெரியாது, அதனால் விஎம் நகர மறுத்தது. எப்போதோ ஓஎஸ் போட்டுவிட்டுக் கழற்ற மறந்தது நானேதான். கழற்றினேன், ஒரு நிமிடத்தில் நகர்ந்துவிட்டது.

மீதி இரண்டும் ஒவ்வொன்றாக, பிரச்சினையின்றி முடிந்தன. விசென்டர் ஸ்னாப்ஷாட்டையும் நேற்று நீக்கிவிட்டேன். விட்டுவைத்தால் வளர்ந்துகொண்டே போய் டேட்டாஸ்டோரை (விஎம் ஃபைல்கள் இருக்கும் சேமிப்பிடத்தை) நிரப்பிவிடும். விஎம்களுக்குள் இருக்கும் விஎம்வேர் டூல்ஸ் மென்பொருளின் அப்டேட் மட்டும் பாக்கி, அதை அடுத்த வாரம் பார்க்கிறேன்.